மதுரையை ஆண்ட கான் சாகிபு

பதவி என்பது வல்ல அல்லாஹ் மனிதனுக்குத் தரும் பெரும் சோதனைகளுள் ஒன்றாகும். ஏழ்மையில் பொறுமையாக இருந்து வென்றவர் பலருண்டு. அதிகாரம் கைக்கு வந்தபின் அதனை அமானிதமாகக் கருதி நடந்தவர் மிகச் சிலரே. அந்த அதிகாரத்தைத் தந்தவன் அந்நியனாக இருந்துவிட்டால் சோதனை இரட்டிப்பாகிவிடுகிறது. நம் மதுரை மண்ணில் வாழ்ந்து, இம்மண்ணிலேயே தூக்கு மரத்தில் உயிர்விட்ட கான் சாகிபு என்ற முஹம்மது யூசுப் கானின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

மதுரைப் பகுதியில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. கான்சாமேட்டுத் தெரு என்ற பெயர் நகரத்தில் வழங்குகிறது. வத்திராயிருப்புப் பக்கத்தில் கான்சாபுரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அவருடைய போரைப் பற்றிய நாட்டுப்பாடல் தென்பாண்டி நாட்டில் வழங்கி வந்தது. ஆயினும் அவர் யார், யாருக்காகப் போரிட்டார், ஏன் கொல்லப்பட்டார் என்று கேட்டால், ஒருவர் அவரை விடுதலை வீரர் என்கிறார். மற்றொருவர் வெள்ளையனின் கையாள் என்கிறார். இரண்டு சொல்லும் முழு உண்மையன்று. ஆகவே அவருடைய வாழ்வைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

நாட்டின் நிலை

அக்காலத்து நிலையை அறியாமல் யூசுப் கானை அறிய முடியாது. 1739ஆம் ஆண்டில் பாரசீகத்தின் மன்னர் நாதிர்ஷா படையெடுத்து வந்து டில்லியைச் சூறையாடினார். முன்பே தளர்ந்திருந்த முகலாய அரசு அந்த அடிக்குப் பின் எழுந்திருக்கவே இல்லை. டில்லியின் பிடி தளரவே ஹைதராபாத்தில் நிஜாமும், ஆற்காட்டில் நவாபும் தனி அரசர்களைப் போலானார்கள். தர்பாரிலும் சர்க்கார் கச்சேரியிலும் பாரசீக மொழியே ஆட்சி செய்தது. இன்று நாம் தமிழில் வழங்கும் சர்க்கார், திவான், சிப்பாய் போன்ற சொற்கள் அந்த ஆட்சி விட்டுச் சென்ற எச்சங்களேயாகும். அந்தப் பாரசீகத் தர்பாரின் அதிகாரம் எட்டிய தென்கோடி எல்லைதான் மதுரையும் திருநெல்வேலியும்.

எல்லைப்புறச் சீமைகளுக்கு எப்போதும் ஒரு துன்பமுண்டு. மையத்திலுள்ள அரசன் வரியை மட்டும் கேட்பான், காவலைத் தரமாட்டான். மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தபின் இச்சீமையில் நிலையான அரசு இல்லை. பாளையக்காரர்கள் தத்தம் கோட்டைகளில் இருந்துகொண்டு, ஆற்காட்டு நவாபுக்கு வரி கட்ட மறுத்தார்கள். நவாப் படையனுப்பினால் சிறிது கட்டுவார்கள். படை திரும்பினால் அதுவும் நின்றுவிடும். இடையில் அடிபட்டவன் உழவனும் நெசவாளனுமே.

இந்நிலையில் ஆற்காட்டு நவாப் பதவிக்கே போட்டி மூண்டது. 1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முஹம்மது அலியை ஆங்கிலக் கும்பெனியார் தாங்கினர். எதிராளியான சந்தா சாகிபைப் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர் தாங்கினர். முஸ்லிம் பிரபுக்கள் இருவர் ஒரு பதவிக்காக மோத, கடல் கடந்து வந்த இரு வணிகக் கூட்டங்கள் அவர்களின் தோளில் துப்பாக்கியை வைத்துத் தம் பகையைத் தீர்த்துக் கொண்டன. ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பகைத்தால் இங்கே காவிரிக் கரையில் வயல்கள் எரிந்தன. 1752இல் சந்தா சாகிபு தலை வெட்டிக் கொல்லப்பட்டார். முஹம்மது அலி நவாபாக நிலைத்தார். ஆனால் கும்பெனிக்குக் கடனாளியாக நிலைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிப்பாயாக வந்தவர்

யூசுப் கான் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில், இந்துக் குடும்பம் ஒன்றில் 1725ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். மருதநாயகம் என்பது பிறப்பில் பெற்ற பெயர் என்பர். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, பிழைப்புத் தேடிப் பல இடங்களில் அலைந்து, இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுப் கான் ஆனார். உயர்ந்த குடிப்பிறப்போ, பிரபுக்களின் ஆதரவோ அவருக்கு இல்லை. இருந்ததெல்லாம் உடல் வலிமையும், பல மொழிகளில் பேசும் திறனும், அஞ்சாத நெஞ்சமுமே.

1752ஆம் ஆண்டில், காவேரிப்பாக்கம் போருக்குச் சற்று முன்னர், கிளைவின் படையில் அவர் தம் ஆட்களுடன் சேர்ந்தார். பின்னர் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது தளபதி லாரன்ஸின் கீழ்ப் பணியாற்றினார். எதிரியின் நடமாட்டத்தை அறிவதிலும், பாளையத்துக்கு உணவுப் பொருட்களைக் காவலோடு கொண்டுவந்து சேர்ப்பதிலும் அவருக்கு நிகர் அவரே என்று பெயர் பெற்றார். அவரால்தான் அம்முற்றுகையில் ஆங்கிலப் படை பட்டினியின்றித் தப்பியது எனலாம்.

இங்கே நம் கவனத்துக்குரிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1754இல் ஆங்கிலப் பாளையத்தில் துபாஷியாக இருந்த பொன்னியப்பன் என்பவன், எதிரியான மைசூராருடன் இரகசிய உறவு வைத்திருந்தான். யூசுப் கானை ஒழித்தால்தான் தன் காரியம் நடக்கும் என்று கருதி, யூசுப் கானே துரோகி என்று காட்டும் கடிதம் ஒன்று பிடிபடும்படி செய்தான். யூசுப் கானும் காவலில் வைக்கப்பட்டார். ஆயினும் விசாரணை முறையாக நடந்தது, உண்மை வெளிப்பட்டது, பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டான். கெட்டவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது திருக்குர்ஆன் நமக்கிடும் கட்டளை. அன்று அந்த விசாரணை ஒரு நிரபராதியைக் காத்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னர், அவருக்கு விசாரணை எதுவும் கிடைக்கவில்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

கும்பெனியார் அவரைத் தம் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டர் ஆக்கினர். தங்கப் பதக்கமும் வழங்கினர்.

மதுரைக்கு வந்த கதை

1755ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வரி தண்டச் சென்றது. யூசுப் கானும் அதில் இருந்தார். அப்படை மதுரைக்கு அருகில் கோவில்குடி என்ற இடத்திலிருந்த கோவிலைக் கொள்ளையிட்டு, அங்கிருந்த சிலைகளையும் அள்ளிச் சென்றது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டு மக்கள் வெகுண்டு தாக்கினர், படை பெருஞ்சேதமடைந்தது, சிலைகளும் மீட்கப்பட்டன. ஹெரான் இராணுவ விசாரணைக்குள்ளாகி வேலையிழந்தார். பிறர் வணங்குமிடத்தைக் கொள்ளையிட்டவனுக்கு இவ்வுலகிலேயே கிடைத்த பலன் அது.

அடுத்த ஆண்டு, 1756இல், யூசுப் கான் தாமே பொறுப்பேற்று இச்சீமைக்கு அனுப்பப்பட்டார். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் தம் தம்பிக்கு எதிராகவே திரும்பியிருந்தார். நெற்கட்டுஞ்செவலைச் சேர்ந்த பூலித்தேவர் பாளையக்காரர்களை ஒன்று திரட்டியிருந்தார். 1757இல் மதுரைக் கோட்டை கும்பெனியின் கைக்கு வந்தது. இதற்குள் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். யூசுப் கான் உடனே வடக்கே அழைக்கப்பட்டார். செங்கற்பட்டிலும் பரங்கிமலையிலும் பிரெஞ்சுப் படையின் பின்புறத்தை அவர் ஓயாமல் தாக்கினார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேரவே லாலி முற்றுகையைக் கைவிட்டார். சென்னை பிழைத்ததில் யூசுப் கானுக்கும் பங்குண்டு.

அதற்குக் கைம்மாறாக 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள், ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு அவரிடம் விடப்பட்டன. சிப்பாயாக வந்தவர் சீமையை ஆள்பவரானார்.

ஆட்சியின் நன்மையும் குறையும்

கான் சாகிபின் ஆட்சி ஐந்தாண்டுதான். அதற்குள் அவர் செய்த காரியங்கள் பலருக்கும் வியப்பைத் தந்தன. குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பாதுகாப்பளித்தார். வழிப்பறி அடங்கிப் பாதைகளில் அச்சமின்றி வண்டிகள் சென்றன. மீனாட்சியம்மன் கோவிலுக்குரிய வருமானம் முன்பிருந்த குழப்பத்தில் பறிபோயிருந்தது. அதனை அவர் திரும்ப வழங்கினார். முஸ்லிம் ஒருவர் ஆளும்போது பிற சமயத்தாரின் உரிமை காக்கப்பட வேண்டும் என்ற நம் மார்க்க நெறிக்கு அவர் மாறு செய்யவில்லை. 1760இல் இலங்கையிலிருந்து தூத்துக்குடி வழியாக வந்த டச்சுப் படை ஆழ்வார்திருநகரி வரை முன்னேறியபோது, அதனையும் அவருடைய படைகள் துரத்தியடித்தன.

இவற்றைச் சொல்லும் நாம் மற்றொரு பக்கத்தை மறைப்பது நீதியன்று. பாளையக்காரர்களை அடக்குவதில் அவர் மிகக் கடுமையாக நடந்துகொண்டார். தம் மண்ணைக் காக்கப் போரிட்ட பூலித்தேவரின் கோட்டைகளை 1761 மே மாதத்தில் கைப்பற்றினார். அந்த வெற்றிகளின் பலன் எல்லாம் கும்பெனிக்கும் நவாபுக்குமே சென்றது. தம் கையால் அந்நியனின் அதிகாரத்துக்கு வழிசெய்து கொடுத்துவிட்டு, அதே அதிகாரத்தின் முன் பின்னர் அவரே தனித்து நிற்க நேர்ந்தது. ஆங்கிலேயருக்கு எதிராகப் பாளையக்காரரும் அவரும் ஓரணியில் நின்றிருந்தால் தென்னாட்டின் கதை எப்படியிருந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

பகை மூண்டது

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிரெஞ்சுப் பயம் நீங்கியது. பயம் நீங்கினால் பயனுள்ள ஊழியனும் சுமையாகத் தோன்றுவான் என்பது அரசியலின் இயல்பு. நவாப் முஹம்மது அலிக்கு யூசுப் கானின் வளர்ச்சி முள்ளாக உறுத்தியது. மதுரையில் படை திரட்டி, கோட்டையைப் பலப்படுத்தி, குடிகளின் அன்பையும் பெற்றுவிட்ட ஒருவன் நாளை தன் பதவிக்கே போட்டியாக வரலாம் என்று அவர் அஞ்சினார். யூசுப் கான் ஆண்டுக்கு ஏழு இலட்சம் ரூபாய் தருவதாகவும், நான்காண்டுக்குக் குத்தகையை நீட்டிக்கும்படியும் கேட்டார். கோரிக்கை மறுக்கப்பட்டது. கும்பெனியார் அவரை நவாபுக்குக் கீழ்ப்படிந்தவராக ஆக்கிவிட்டனர். அவரோ, தம்மை உயர்த்தியது கும்பெனிதான். நவாபுக்குத் தாம் அடிமையல்ல என்று கருதினார்.

தொடர்ந்து கடிதங்களும் கோள்களும் சென்னைக்குப் பறந்தன. 1763ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் யூசுப் கான் இறுதி முடிவு எடுத்தார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரி தம் ஆட்களோடு வந்து சேர்ந்தார்.

இவ்விடத்தில்தான் வல்லரசுப் போட்டியின் கொடுமை நமக்கு விளங்குகிறது. அதே 1763 பிப்ரவரி 10ஆம் நாள், பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டனர். அதன்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிற்று. முஹம்மது அலியே நவாப் என்பதைப் பிரெஞ்சுக்காரரும் ஒப்புக்கொண்டனர். பிரெஞ்சு அரசை நம்பி யூசுப் கான் கொடியேற்றிய வேளையில், அந்த அரசுக்கு அவர் தேவையில்லாதவராகிவிட்டார். கப்பல் மூலம் அச்செய்தி இங்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் திரும்ப முடியாத தூரம் அவர் சென்றுவிட்டார்.

பெரிய நாடுகள் இரண்டு கைகுலுக்கும்போது நடுவில் நிற்பவன் நசுங்குவது மதுரைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, பாரசீகத்தின் வடபகுதியை ரஷ்யரின் செல்வாக்குக்கும் தென்கிழக்கை ஆங்கிலேயரின் செல்வாக்குக்கும் ஒதுக்கிற்று. அந்நாட்டு மக்களை யாரும் கேட்கவில்லை. நாட்டின் பெயர் மாறும், கதை ஒன்றுதான்.

முற்றுகையும் துரோகமும்

1763 செப்டம்பரில் ஆங்கிலப் படையும் நவாபின் படையும் மதுரையைச் சூழ்ந்தன. மழைக்காலம் வரவே நவம்பரில் பின்வாங்கின. மறுஆண்டு மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை தொடங்கியது. 1764 ஜூன் 26ஆம் நாள் கோட்டை மதிலை உடைத்து ஏறியவர்களைக் கான் சாகிபின் வீரர்கள் அடித்து விரட்டினர். மேஜர் பிரஸ்டன் படுகாயமுற்றுப் பின்னர் இறந்தார். வீரத்தால் வெல்ல முடியாது என்று கண்ட ஆங்கிலேயர், பசியால் வெல்ல முடிவு செய்தனர். உள்ளே தானியம் ஒரு பிடியும் புகாதபடி வழிகளை அடைத்தனர்.

நாட்கள் செல்லச் செல்லக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. சிப்பாய்கள் ஓடத் தொடங்கினர். மார்ஷானுக்கும் அவருக்கும் மனம் கசந்தது. கடைசியில் மார்ஷானும், திவான் சீனிவாசராவும், அவருடைய மருத்துவராக இருந்த பாபா சாகிபும் இரகசியமாகக் கூடினர். 1764 அக்டோபர் 13ஆம் நாள், தொழுகையில் இருந்த வேளையில் அவரைச் சூழ்ந்து பிடித்துத் தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பர். பீரங்கியால் உடைக்க முடியாத கோட்டையை, அவருடைய உப்பைத் தின்றவர்கள் உள்ளிருந்தே திறந்து விட்டனர். நம்பி ஒப்படைத்ததில் மோசடி செய்வது நயவஞ்சகரின் அடையாளம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 15ஆம் நாள், விசாரணை எதுவுமின்றி, நவாபின் கட்டளைப்படி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் திரும்பவும் எழுந்து விடுவாரோ என்ற அச்சத்தில் உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. போர்க்களத்தில் எதிரியின் உடலைக்கூடச் சிதைக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கலிமாச் சொன்ன ஒருவரின் ஜனாஸாவுக்கு ஒரு முஸ்லிம் நவாபின் பெயரால் இது நடந்தது என்றால், பதவி ஆசை மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைப் பாருங்கள்.

பின்னர் நடந்தது

நவாபுக்கு என்ன கிடைத்தது? மதுரை கிடைத்தது, அதைவிட வேகமாகக் கடனும் வளர்ந்தது. 1795இல் அவர் இறந்தார். 1801இல் கும்பெனியார் கர்நாடகச் சீமை முழுவதையும் தாமே எடுத்துக்கொண்டு, அவருடைய வாரிசுக்குப் பெயரளவில் பட்டத்தையும் உதவித் தொகையையும் விட்டு வைத்தனர். 1855இல் அந்தப் பட்டமும் ஒழிந்தது. யூசுப் கானுக்குத் தோண்டிய குழியில் நவாபின் அரசே விழுந்தது. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். பாளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கின. கான் சாகிபு காத்து நின்ற மதுரைக் கோட்டை மதிலைப் பின்னாளில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் இடித்து அகழியைத் தூர்த்தார். இன்றைய வெளிவீதிகள் அங்கே உண்டாயின. அவ்வீதிகளில் நாம் நடக்கும்போது ஒரு வரலாற்றின் மீதே நடக்கிறோம்.

சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலத்தின் மீது 1808ஆம் ஆண்டில் சிறிய கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. கான் சாகிபு பள்ளிவாசல் என்று மக்கள் அதனை அழைக்கின்றனர். ஆனையூர், கூடல்நகர்ப் பக்கத்திலிருந்து வருவோர் வைகைப் பாலத்தைக் கடந்து காளவாசல் வந்தால், தேனிச் சாலையில் இதனை அடையலாம். அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அங்கு அடங்கியிருப்பவர் யார் என்று தெரியும்? வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்!

நாம் பெறும் படிப்பினை

கப்ருகளை ஜியாரத் செய்வது மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டுவதற்காக அனுமதிக்கப்பட்டதாகும். அந்த நோக்கத்துக்குச் சம்மட்டிபுரம் மிகப் பொருத்தமான இடம். அங்கே நின்று ஸலாம் கூறுங்கள். அவருடைய பிழைகளை மன்னிக்கும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்யுங்கள். பெரும்படைக்கு நாயகராக இருந்தவர் இன்று நம் துஆவுக்குக் காத்திருப்பவர் என்பதை எண்ணிப் பாருங்கள். நேர்ச்சையும் விழாவும் அல்ல, அந்த எண்ணமே அங்கிருந்து நாம் வீட்டுக்கு எடுத்து வர வேண்டிய பொருள்.

அவரை விடுதலை வீரர் என்று மட்டும் புகழ்வதற்கோ, கையாள் என்று மட்டும் இகழ்வதற்கோ நாம் நீதிபதிகள் அல்லோம். நன்மையும் தீமையும் நிறுக்கப்படும் தராசு வேறோரிடத்தில் இருக்கிறது. நமக்குரியது படிப்பினை மட்டுமே. அண்ணன் தம்பிச் சண்டைக்கு அந்நியனை நடுவனாக அழைத்தால் வீடே அவன் கைக்குப் போகும் என்பதை நவாபின் குடும்பம் காட்டுகிறது. ஒரு வல்லரசின் தோளிலிருந்து இறங்கி மற்றொன்றின் தோளில் ஏறுவது விடுதலையாகாது என்பதை யூசுப் கானின் முடிவு காட்டுகிறது. கூட இருப்பவரின் விசுவாசம் கூலியால் வாங்கப்படுவதன்று என்பதை அந்த அக்டோபர் 13ஆம் நாள் காட்டுகிறது. குடும்பத் தகராறாயினும், ஜமாஅத் நிர்வாகமாயினும், கடைக் கூட்டு வியாபாரமாயினும் இவை மூன்றும் நமக்குப் பொருந்தும்.

வல்ல அல்லாஹ் யூசுப் கானின் பிழைகளைப் பொறுத்து, அவர் செய்த நற்காரியங்களை ஏற்றுக்கொள்வானாக. கிடைத்த அதிகாரம் சிறிதாயினும் பெரிதாயினும் அதனை அமானிதமாகப் பேணும் நல்லருளை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.